பாறைமேல் இருவர், பக்கத்தில் நீர்நாய்

இந்த மாலை மன்றத்துக்குத் தலைமையேற்று, காக்கிச் சட்டையின் கசங்கலைக்கூடக் கம்பீரமாக்கி அமர்ந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருந்து, 'இந்த அம்மா எப்போது முடிப்பார்' என்று கைக்கடிகாரத்தைக் கண்ணாலேயே தடவிக்கொண்டிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! ஆற்றில் நீந்தி வளர்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா, அணைக்கவில்லையா என்ற ஐயத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பேச்சு சலித்தால் பின்வாசல் வழியே நழுவலாம் என்று கதவோரமாகவே இடம்பிடித்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! முதல் வரிசையில் முழங்கையோடு முழங்கை உரச உட்கார்ந்திருக்கும் என்னைப் பெற்றவரே! என்னைக் கைப்பிடித்தவரே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மருந்துக்கடையில் நின்று, இருமலுக்கு எது, சளிக்கு எது என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றியவர்கள் அனுபவிக்கட்டும். கேட்பவர்கள் பொறுத்தருளட்டும்.

இன்று நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? மலையில் பிறந்து, அருவியாய்க் குதித்து, பாறையில் முட்டி, பள்ளத்தில் தவழ்ந்து வரும் நம் ஆறு, காட்டுக்குள் இருக்கும்வரை வனவிலங்குக் காப்பகத்தின் செல்லப்பிள்ளை. அங்கே ஓர் இலையைக் கிள்ளினாலும் ஏனென்று கேட்க ஆளுண்டு. ஆனால் காட்டைத் தாண்டி நம் ஊர் மடுவுக்குள் நுழைந்த மறுநொடியே அது நாதியற்ற பிள்ளை. காப்பக எல்லைக்கல் மடுவுக்கு மேலேயே நின்றுவிட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் சட்டம். இந்தப் பக்கம் சட்டி கழுவுவோம், வண்டி கழுவுவோம், மோட்டார்ப் படகும் விடுவோம். அந்தக் கல்லைப் பெயர்த்து, மடுவுக்குக் கீழே நடலாமா, கூடாதா? ஊர் சொன்னால் நடுகிறோம் என்கிறார் அலுவலர். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

என்னங்க பெரியவரே? "நேரா விஷயத்துக்கு வா" என்கிறீர்களா? விஷயமே முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது ஐயா! கொஞ்சம் எட்டிப் பாருங்கள். என் அம்மாவும் என் கணவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்! ஆண்டுக்கணக்கில் இந்த ஊர் கண்டிராத அதிசயம் இது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். இருவரிடமும் அனுமதி கேட்டேன். இருவரும் மறுத்தார்கள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

என் அம்மா பேருந்து நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெரிசலில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், பேருந்துக்குள் இருப்பவர்கள் மட்டுமல்ல, சாலையோரத்தில் நிற்பவர்களும் இரண்டடி உள்ளே போவார்கள். என் கணவர் வண்டிப் பழுது பார்ப்பவர். எந்த இயந்திரத்தையும் பேச வைத்துவிடுவார். என் அம்மாவைப் பேசாமல் வைக்க முடியவில்லை என்பதுதான் அவருடைய ஒரே தோல்வி.

கல்யாணமான புதிதில் குடும்பத்தோடு படம் எடுக்கப் போனோம். படக்காரர் "அசையாம இருங்க" என்கிறார். அம்மாவோ, "நீ தள்ளி நில்லு, நீ தலைய நிமிர்த்து, அந்த விளக்க இந்தப் பக்கம் திருப்புங்க" என்று எல்லோருக்கும் உத்தரவு போடுகிறார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த என் வீட்டுக்காரர் சொன்னார்: "அண்ணே, எங்க அத்தை வாயை மூடினாதான் உங்க கேமரா கண்ணைத் திறக்கும்."

படக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அன்று மூடியது பேச்சு! அதன்பிறகு ஒரே கூரை, ஒரே கூடம், ஒரே குழம்பு. ஆனால் இருவருக்கும் நடுவே நான்தான் தபால்காரி. "உங்க வீட்டுக்காரரை விசிறியைக் குறைக்கச் சொல்லு." "உங்கம்மாவைப் போர்வையைப் போர்த்திக்கச் சொல்லு." இருவரும் ஒரே கட்டிலின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துகொண்டு, அடுக்களையிலிருக்கும் என்னைக் கூப்பிட்டு இதைச் சொல்வார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்த நேரத்தில்தான் என் கணவருக்குப் படகு ஆசை வந்தது. எங்கிருந்தோ பழைய மோட்டார்ப் படகு ஒன்றைக் கொண்டுவந்து, தட்டி, ஒட்டி, பளபளவென்று சாயம் பூசினார். நம் கரையில் நின்ற நாவலையும் மருதையும் வெட்டிவிட்டு ஒரு படகுத்துறை அமைத்தார். யாரும் கேட்கவில்லை. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்தானே! வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கி மாட்டினார். ஊர் அவரைக் 'கேப்டன்' என்றது. அவரும் நடையை மாற்றிக்கொண்டார். கேப்டன் பற்றி ஓர் உண்மையை அப்போது ஊர் அறியாது. இத்தனை நாள் குடித்தனம் நடத்திய நானே அறியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

படகு ஓடியது. பயணிகள் வந்தார்கள். பாட்டுப் பெட்டி அலறியது. எண்ணெய் மினுக்கம் வானவில்லைப்போல் தண்ணீரில் படர்ந்தது. "அழகா இருக்கு" என்றவர்களும் உண்டு. ஆனால் தினமும் காலையில் மடுவோரம் நடக்கப்போகும் என் அம்மா ஒருநாள் முகம் வாடித் திரும்பி வந்தார்.

"நீர்நாயைக் காணோம்டி" என்றார்.

"எங்க போயிருக்கும்மா?"

"நான் என்ன அதுக்கு டிக்கெட்டா கிழிச்சேன், எங்க இறங்குச்சுன்னு சொல்ல? அந்த மடுவோர மணல்லதான் குட்டிங்களோட உருண்டு விளையாடும். அந்த எழவெடுத்த மோட்டார் சத்தம் வந்ததிலேர்ந்து தடமே இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

சொன்னேன். தபால்காரியின் கடமை அல்லவா?

அவர் தொப்பியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "இந்த மடுவுல நீர்நாயே கிடையாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. இருந்தா காட்டச் சொல்லு. நானே படகுல கூட்டிட்டுப் போறேன். மடுவுல ஒரு நீர்நாயைக் காட்டிட்டா, மோட்டாரைக் கழற்றி வச்சிடறேன்."

கூடத்திலிருந்து உடனே பதில் வந்தது: "வரேன்னு சொல்லு!"

அடுத்த நாள், நல்ல வெயில். வானத்தில் வெள்ளைத் துணி காயப்போட்டதுபோல் இரண்டு மேகம். அம்மா படகில் ஏறினார். படகில் அன்று ஒரே ஒரு மிதவைச் சட்டைதான் இருந்தது. மற்றவை பழுதுபார்க்கக் கடையில் கிடந்தன. அந்த ஒன்றை, முகத்தைப் பார்க்காமலே, அம்மாவின் மடியில் போட்டார் கேப்டன். முகத்தைப் பார்க்காமலே அம்மாவும் அதை மாட்டிக்கொண்டார். நான் கரையில் நின்று கையசைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டேன். இருவரும் பேசிக்கொள்ளப் போவதில்லை. ஆகவே சண்டையும் வராது என்று நிம்மதியாகத்தான் போனேன்.

அன்பர்களே! கீழே வெயில் அடிக்கிறது என்றால் மேலேயும் வெயில் அடிக்கிறது என்று மலையாறு நமக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதா? மலையுச்சியில் மழை கொட்டினால் மடுவில் இருப்பவனுக்கு யார் வந்து சொல்வது? படகு மடுவின் தலைப்பக்கம் போய், பாறைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் நின்றது. நீர்நாய் வரவேண்டும் என்பதற்காக மோட்டாரை நிறுத்தினார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி, வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள். முதலில் சருகு மிதந்து வந்தது. பிறகு சுள்ளி வந்தது. பிறகு நுரை வந்தது. தெளிந்த தண்ணீர் தேநீர் நிறமானது. அம்மாவும் பார்த்தார், கேப்டனும் பார்த்தார். 'அவர் முதலில் பேசட்டும்' என்று அம்மா இருந்தார். 'அவங்க முதல்ல பேசட்டும்' என்று கேப்டன் இருந்தார். ஆறு அப்படியெல்லாம் கௌரவம் பார்க்குமா? அதுவே முதலில் பேசிவிட்டது!

என்ன பேச்சு அது! இடி உருண்டு வந்ததுபோல் ஒரு முழக்கம். சுவர் நடந்து வந்ததுபோல் ஒரு வெள்ளம். கேப்டன் கயிற்றை இழுத்தார், மோட்டார் இருமியது, மறுபடி இழுத்தார், மறுபடி இருமியது. என் கடையில் இருமலுக்கு மருந்து உண்டு. ஆனால் நான் அங்கே இல்லையே! படகு பக்கவாட்டில் திரும்பிப் பாறையில் மோதிச் செருகிக்கொண்டது. அம்மா தாவிப் பாறையில் ஏறி, தன் மருமகனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். அவர் காலை எடுத்ததும் படகு கழன்றது, ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தது, போயே போய்விட்டது. வெள்ளைத் தொப்பி மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓட்டிக்கொண்டு போனது.

சிரிக்காதீர்கள் தம்பி. அப்புறம் நானும் சிரித்துவிடுவேன்.

டீக்கடைக்காரர் அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்து, "அம்மாவும் கேப்டனும் ஆத்து நடுவுல!" என்று கத்தியபோது, நான் யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். அதைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். கரையில் ஊரே கூடியிருந்தது. இதோ, இந்த வனச்சரக அலுவலர் காவலர்களோடும் கயிறோடும் ஏற்கெனவே வந்திருந்தார். நடு ஆற்றில் ஒரு பாறை. பாறைமேல் இரண்டு உருவம். சுற்றிலும் சீறும் கலங்கல் வெள்ளம். நான் மேடைக்காகச் சொல்லவில்லை தாய்மார்களே! ஒரே பாறையில் என்னைப் பெற்றவளும் நிற்கிறாள், என்னைக் கைப்பிடித்தவரும் நிற்கிறார். யாரை நினைத்து அழுவது? எந்தப் பக்கம் கூப்பிடுவது?

பாறையில் நடந்ததைப் பிறகு இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டு கதைகளும் ஒத்துப்போகவே இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒத்துப்போயின. தண்ணீர் ஏற ஏற, வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட ஒரு தாய் நீர்நாய், வாயில் ஒரு குட்டியைக் கவ்வியபடி, அதே பாறையின் மறுமுனையில் ஏறியது. குட்டியை வைத்தது. உடனே தண்ணீரில் பாய்ந்து இன்னொரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தது. மூன்றும் நனைந்து, நடுங்கி, இவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டன.

வேறு யாராயிருந்தாலும் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பார்கள்? கடவுளைக் கூப்பிட்டிருப்பார்கள். என் அம்மா என்ன செய்தார் தெரியுமா? இடுப்பில் கைவைத்து, நீர்நாயைப் பார்த்துச் சொன்னார்: "காட்டிட்டேன்னு அவர்கிட்ட சொல்லு."

தபால்காரி கரையில் நிற்கிறாள். அவசரத்துக்கு நீர்நாயைத் தபால்காரி ஆக்கிவிட்டார்கள்! கேப்டன் விடுவாரா? அவரும் நீர்நாயிடமே சொன்னார்: "மடுவுல காட்டச் சொன்னேன். இது பாறைமேல இருக்கு. பந்தயத்துல சேராதுன்னு அவங்ககிட்ட சொல்லு."

"காலை மடக்கி உக்காரச் சொல்லு. குட்டி பயப்படுது."

"மடக்கினா வழுக்கும்னு சொல்லு."

"வழுக்கினா நீந்தச் சொல்லு!"

கேப்டன் தொப்பியில்லாத தலையைத் தடவினார். தண்ணீரைப் பார்த்தார். நீர்நாயைப் பார்த்தார். கடைசியில், மெல்லிய குரலில், அந்த நீர்நாயிடம் சொன்னார்: "எனக்கு நீந்தத் தெரியாதுன்னு சொல்லு."

ஆம் பெரியோர்களே! படகு ஓட்டியவருக்கு, தொப்பி போட்டவருக்கு, கேப்டன் என்று நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் நெஞ்சை நிமிர்த்தியவருக்கு, நீந்தத் தெரியாது!

அப்போது கரையிலிருந்து நாங்கள் கண்ட காட்சியைச் சொல்கிறேன். பாறைமேல் இருவரும் கட்டிப் புரள்கிறார்கள்! ஒருவர் தள்ளுகிறார், ஒருவர் இழுக்கிறார். ஒருவர் கையை முறுக்குகிறார், ஒருவர் திமிறுகிறார். "அடப்பாவமே, அங்கயும் போய் சண்டையா!" என்று டீக்கடைக்காரர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நான் வெட்கத்தால் கண்ணை மூடிக்கொண்டேன்.

அது சண்டைதான். எதற்குச் சண்டை தெரியுமா? அம்மா தன் மிதவைச் சட்டையைக் கழற்றி அவருக்கு மாட்டப் பார்க்கிறார். அவர் அதை மறுபடி அம்மாவுக்கே மாட்டப் பார்க்கிறார். ஆண்டுக்கணக்கில் அடைத்துக் கிடந்த பேச்சு, அங்கேதான், அந்தச் சட்டைக்காகத்தான் உடைந்தது.

"போடுங்க மாப்பிள்ளை!"

"நீங்க போடுங்க அத்தை!"

"எனக்கு நீந்தத் தெரியும்யா!"

"இந்தத் தண்ணியில யாராலும் நீந்த முடியாது அத்தை. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?"

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பொண்ணு மூஞ்சிய நான் எப்படிடா பார்ப்பேன்?"

இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. என் கணவர்தான் சொன்னார். சொல்லும்போது ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த நட்டு அவ்வளவு அழுக்காக இல்லை.

இனிக் கரைக்கு வருகிறேன். காவலர்கள் முதலில் நம் கரையிலிருந்து கயிறு வீசப் பார்த்தார்கள். வீசலாம், ஆனால் எதில் கட்டுவது? மரம் எங்கே? வெட்டியாயிற்றே! வேர் பிடித்திராத மண் எவ்வளவு நேரம் தாங்கும்? நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகுத்துறை ஒரு பெருமூச்சு விட்டதுபோல் கீழே இறங்கியது. பலகையும் போயிற்று, பெஞ்சும் போயிற்று. ஒரு காவலர் மயிரிழையில் பின்னால் தாவினார். "எல்லாரும் பின்னால போங்க! அந்தக் கரைக்கு ஓடுங்க!" என்று அலுவலர் கத்தினார். அந்தக் கரைக்கு எப்படிப் போவது? கீழே பாலம்வரை போய், ஏறி, சுற்றி, மேலே வரவேண்டும். அந்த நேரம் முழுவதும் தண்ணீர் பாறையில் ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பாலத்தை நான் பார்த்ததில்லை.

அந்தக் கரையில் காடு அப்படியே இருக்கிறது. ஆள் அணைக்க முடியாத நீர்மருது, வெள்ளத்தில் இடுப்பளவு நனைந்தும் அசையாமல் நின்றது. அதில் கயிற்றைக் கட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு காவலர் இறங்கினார். பாறையை அடைந்தார். "யாரு முதல்ல?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"அவர் வரட்டும்."

"அவங்க போகட்டும்."

ஒலிபெருக்கியை வாயில் வைத்து நம் அலுவலர் முழங்கினார்: "ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே வாங்க, பரவாயில்ல! ஆனா வாங்க!"

வந்தார்கள். முதலில் கேப்டன், மிதவைச் சட்டையோடு. அத்தை ஜெயித்துவிட்டார் என்று பொருள். அடுத்து அம்மா. கரையேறியதும் அவர் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. திரும்பிப் பாறையைப் பார்த்தார். "தாயும் பிள்ளைங்களும் இன்னும் அங்கயே இருக்குடி" என்றார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஈரத்துணியோடு, அந்த மருதின் வேரில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். வெள்ளம் மெல்ல மெல்ல இறங்கியது. அந்தத் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு, புதருக்குள் போய் மறைந்தது. அப்போதுதான் என் கணவர் வாய்விட்டு அழுதார். என் அம்மா அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். கொஞ்சம் பலமாகவே தட்டினார். சில பழைய கணக்குகள் அதில் தீர்ந்திருக்கலாம்.

அன்பார்ந்த பெருமக்களே! இதுதான் நடந்தது. இப்போது கேட்கிறேன். ஆறு நமக்கு எதிரியா? காட்டுக்குள் அதே வெள்ளம்தானே ஓடியது? அங்கே ஒரு கரை இடிந்ததா? ஒரு மரம் சாய்ந்ததா? கல்லுக்கு மேலே காவல் இருந்தது, கரை இருந்தது. கல்லுக்குக் கீழே, நம் பக்கம், காவலும் இல்லை, கரையும் இல்லை. நாம் குடிக்கும் தண்ணீர் எந்த மடுவிலிருந்து வருகிறது? நம் பிள்ளைகள் குதிக்கும் தண்ணீர் எந்த மடுவில் நிற்கிறது? மலையணில் தாவ ஒரு மரம் வேண்டும். இருவாச்சிப் பறவை கூடு வைக்க ஒரு பொந்து வேண்டும். நீர்நாய் குட்டி போட ஒரு மணல்திட்டு வேண்டும். நமக்கு? கயிறு கட்ட ஒரு மரமாவது வேண்டாமா?

கல்லை நகர்த்தினால் இழப்பே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். வண்டியை வீட்டில்தான் கழுவவேண்டும். பாட்டுப் பெட்டியைப் பையில்தான் வைக்கவேண்டும். மோட்டார்ப் படகு ஓடாது. அதில் பெரிய இழப்பு யாருக்கு? இதோ முதல் வரிசையில் இருக்கும் இவருக்கு. வெள்ளத்தில் போன மோட்டாரைத் தேடி எடுத்து, மழைக்காலம் முழுக்க எங்கள் கூடத்தில் பிரித்துப் போட்டு, பளிங்காய்த் துடைத்து வைத்திருக்கிறார். பந்தயம் என்னாயிற்று என்று கேட்டால், "பாறைமேலதானே காட்டினாங்க" என்று இன்னமும் சொல்கிறார். இன்று எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று மனைவியான எனக்கே தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவர் பிழைப்பு அது, அவரே சொல்லட்டும்.

தலைமையேற்றிருக்கும் அலுவலர் அவர்களே, உங்கள் அனுமதியோடு கேட்டுவிடட்டுமா? எல்லைக்கல்லை மடுவுக்குக் கீழே நடலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்!

அடேயப்பா! பின்வரிசைத் தம்பிகளுமா? தாய்மார்களே, நன்றி! டீக்கடைக்காரர் அண்ணனும் தூக்கிவிட்டார்! அம்மா, நீங்கள் எழுந்து நிற்க வேண்டாம், கை போதும்...

என்னங்க? ஏன் எழுந்திருக்கிறீர்கள்? வெளியே போகிறீர்களா?

இல்லை. இல்லை ஐயா! பாருங்கள். கை தூக்கிவிட்டார். இரண்டு கையையும் தூக்கிவிட்டார்!

அலுவலர் சிரிக்கிறார். "ஆளுக்கு ஒரு கைதாங்க கணக்கு" என்கிறார். இவர் ஏதோ பதில் சொல்கிறாரே... சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

"ஒண்ணு எனக்கு சார். இன்னொண்ணு, இங்க வர முடியாத ஒரு குடும்பத்துக்கு."

இதற்கு மேல் நான் என்ன பேச? கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன், பொறுங்கள். என் கடை மருந்து எதுவும் இதற்குக் கேட்காது. கைதட்டிய கரங்களுக்கும், கை உயர்த்திய உள்ளங்களுக்கும், அன்று கயிற்றோடு தண்ணீரில் இறங்கிய காவலருக்கும் என் நன்றி. ஆறு நலமாக ஓடட்டும். அதன் கரையில் நாமும் நலமாக இருப்போம். வணக்கம்.